பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் அதன் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கரணை ஏரியா, சதுப்பு நிலமா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. நீரைத் தேக்கி வைத்துப் பாசனத்துக்குத் திறந்துவிடவே அதை வெட்டினார்கள். தென்சென்னையில் இருக்கும் இந்தச் சதுப்பு நிலத்தை யாரும் வெட்டவில்லை. மழைக்காலத்தில் நீர் பரவிக் கிடக்கும், மார்கழிக்குப் பின் மெல்ல வடியும், சித்திரையில் பெரும்பகுதி சேறாகி வெடிக்கும். தாழ்வாகப் பரந்து கிடக்கும் இப்படிப்பட்ட வெளிக்கு இந்த வட்டாரத்துப் பழைய பெயர் ‘கழிவெளி’. மீன், நத்தை, புழு, பறவை எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை நீர்மட்டத்தில்தான் இருக்கிறது.

இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? சட்டப் பாதுகாப்பு உண்டா?

1960களில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் இது. இன்று ராம்சார் (ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை) எல்லைக்குள் இருப்பது 1,247.54 எக்டேர், அதாவது கால் பங்குக்கும் குறைவு. மீதி இடத்தில் சாலை, குடியிருப்பு, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், அரசு வளாகங்கள், பெருங்குடி குப்பைமேடு எல்லாம் வந்துவிட்டன. 2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மேலும் நிலம் வனத்துறையிடம் வந்தது. 2022 ஏப்ரல் 8 தேதியிட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் தகுதி பன்னாட்டு அங்கீகாரம்தான். களத்தில் காப்பாற்றுவது வனச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளும்.

பறவை பார்க்க எந்த மாதம் வரலாம்?

வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் பலரும் செய்யும் தவறு, பெருமழை கொட்டி முடித்த மறுவாரமே ஓடி வருவது. அப்போது நீர் நிரம்பி நிற்கும். பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் சிதறியிருக்கும். மழை ஓய்ந்து நீர் வடிந்து, சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் நல்ல காலம். சுற்றியுள்ள சிறு குளங்கள் வற்றுவதால் பறவைகள் இங்கே வந்து குவியும். மார்ச்சில் வடக்கே திரும்பும் உள்ளான்களில் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) சில இனப்பெருக்கச் சிறகணிக்கு மாறிக்கொண்டிருக்கும். கருவால் மூக்கனின் கழுத்து செங்கல் நிறத்துக்கு மாறுவதை அந்த மாதத்தில் பார்க்கலாம்.

எங்கே நின்று பார்ப்பது?

பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலை சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. வனத்துறையின் சூழல் பூங்காவும் இந்தச் சாலையில்தான். முதல் முறை வருபவர்களுக்குப் பூங்காவின் நடைபாதையே போதும். சாலையோரத்தில் நின்று பார்ப்பதானால் வண்டியை நடைபாதையை ஒட்டி நிறுத்தாதீர்கள். இங்கே லாரிகள் வேகமாக வரும்; பைனாகுலரில் கண் வைத்தபடி ஓர் அடி பின்னால் எடுத்து வைப்பதும் ஆபத்து.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்குச் சாய்வாகவே போகும். சாலையின் வடபுறம் பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில், பறவையின் மேல். தென்புறம் பார்த்தால் எல்லாம் கருநிழல். வாத்துகளில் எது எதுவென்று தெரியாது. காலை 6 முதல் 8.30 வரை நல்ல நேரம். 9 மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் ஆடத் தொடங்கும். 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் உள்ளானின் கால் நிறம்கூடத் தெரியாது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது.

இங்கே நீர் மிகுந்திருந்தால் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்து ஈரநிலங்களையும் பாருங்கள். ஒரே பறவைக் கூட்டங்கள்தான் இடம் மாறி மாறி மேய்கின்றன.

எந்த பைனாகுலர் வாங்குவது?

8×42, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. 10 மடங்கு பெரிதாக்குவது இன்னும் மேலானதாகத் தோன்றும், ஆனால் கை நடுக்கமும் 10 மடங்காகப் பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கோரைக்குள் ஓடி மறையும் பறவையைப் பிடிக்க அகன்ற பார்வைதான் தேவை. தூரத்துச் சேற்றுத் திட்டில் நிற்கும் சிறு உள்ளான்களைப் பிரித்தறிய மட்டும் முக்காலியில் வைத்த தொலைநோக்கி வேண்டும்.

முதல் நாளிலேயே அடையாளம் காணக்கூடியவை எவை?

நாமக்கோழி: உடல் முழுக்கக் கருப்பு, நெற்றியில் வெள்ளை நாமம். பெயரே அடையாளம். தாழைக்கோழிக்கு அந்த இடத்தில் சிவப்பு, அலகு நுனி மஞ்சள், வாலுக்கடியில் வெள்ளை. வாலை வெட்டி வெட்டி ஆட்டும். நீலத் தாழைக்கோழி இவ்விரண்டையும்விடப் பெரியது: ஊதா கலந்த நீல உடல், தடித்த சிவப்பு அலகு. சம்பங்கோரைத் தண்டை உருவி, மனிதர் கரும்பைப் பிடிப்பது போல ஒரு காலால் பிடித்துக்கொண்டு அடித்தண்டின் வெண்மையான சோற்றைக் கடித்துத் தின்னும். கோரை ஓரத்தில் துண்டு துண்டாக மிதக்கும் தண்டுகளைக் கண்டால் அது மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

நத்தைக்குத்தி நாரை: அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். நத்தையை நீருக்கடியிலேயே பிடித்து, ஓட்டை நொறுக்காமல் கீழ் அலகின் நுனியைச் செருகித் தசையை அறுத்துச் சதையை உருவிவிடும்.

பவளக்காலி: குச்சி போன்ற நீண்ட ரோஜா நிறக் கால், கருப்பு வெள்ளை உடல், கீச்சென்ற கத்தல். வாத்துகளில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் வலசை வருபவை. புள்ளிமூக்கு வாத்து ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். தட்டைவாயனின் அலகு கரண்டி போல அகன்றது. அந்த அலகின் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போன்ற வரிசை இருக்கிறது. நீரை உள்ளிழுத்து ஓரங்களில் வெளியேற்றும்போது சிற்றுயிர்கள் அதில் சிக்கும். இரண்டு மூன்று தட்டைவாயன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வட்டமடித்து நீந்தினால் அது விளையாட்டல்ல, முன்னால் போவது கலக்கிவிட்டதைப் பின்னால் வருவது வடிகட்டுகிறது.

மேலே தாழப் பறந்து கோரை மட்டத்தைத் துழாவிக்கொண்டே போகும் பருந்து தென்பட்டால் சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கலாம். அது வந்ததும் வாத்துக் கூட்டம் முழுவதும் எழும்பும். எண்ணிக்கை எடுக்க அதுவே வாய்ப்பு.

வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்று போலத் தெரிகின்றனவே?

காலையும் அலகையும் பாருங்கள். அலகு கருப்பு, கால் கருப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள்: சின்னக் கொக்கு. அதைவிட நல்ல உயரம், கழுத்தில் முறிந்தது போன்ற வளைவு, வாயோரக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, மாட்டுக்குப் பக்கத்தில் நின்றால் உண்ணிக்கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்ததும் வெள்ளைச் சிறகு விரித்து ஏமாற்றுவது மடையான்.

பூநாரை நிச்சயம் வருமா?

நிச்சயம் என்று சொல்ல முடியாது. பூநாரை நடந்தபடி மேயும் பறவை. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கைப் பம்பு போல இயக்கி வடிகட்டும். முழங்கால் அளவு நீரில்தான் கூட்டமாக மேயும். மழை கூடிய ஆண்டில் நீர் வடியத் தாமதமானால் அவையும் தாமதமாகும், அல்லது பழவேற்காட்டிலேயே நின்றுவிடும். சாம்பல் நிறமாக இருப்பவை நோயாளிகள் அல்ல, இளம் பறவைகள். இளஞ்சிவப்பு ஏற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

வேடந்தாங்கலில் மரமெல்லாம் கூடு, இங்கே ஏன் இல்லை?

வேடந்தாங்கலில் நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் இருக்கின்றன. நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் அவற்றில் கூடு கட்டுகின்றன. பள்ளிக்கரணை அவற்றுக்கு மேய்ச்சல் நிலம். இங்கே கூடு வைப்பவை தரையிலும் மிதக்கும் இலைகளிலும் கோரைக்குள்ளும் வைப்பவை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

நீளவால் இலைக்கோழியைச் சொல்ல வேண்டும். மழைக்கால இனப்பெருக்கக் காலத்தில் பின்கழுத்து பொன்மஞ்சள், வால் வில்லாக நீண்டிருக்கும். குளிர்காலத்தில் வாலும் போய், பொன்னும் மங்கி, வேறொரு பறவை போல ஆகிவிடும். பெண் நான்கு முட்டை இட்டுவிட்டு வேறு ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான், அடைக்காலம் சுமார் 26 நாள். கூடு என்பது ஆகாயத்தாமரை அல்லது அல்லி இலை மேல் நாலு தண்டு. அதுவும் பாதி நனைந்திருக்கும். முட்டை பளபளப்பான செம்பு நிறம், பம்பர வடிவம். நீர் ஏறிக் கூடு மூழ்கத் தொடங்கினால் ஆண் பறவை முட்டையை மோவாய்க்கும் மார்புக்கும் இடையே இடுக்கி, பின்னோக்கி நடந்து பக்கத்து இலைக்கு இழுத்துப் போகும். சில அங்குலம் நீர் ஏறினால் அது சமாளித்துவிடும். ஒரே இரவில் ஓரடி ஏறினால் முடியாது.

தூர்வாரி ஆழப்படுத்தினால் அதிக நீர் நிற்குமே, நல்லதுதானே?

நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. இந்த நிலத்துக்குப் பெரிய கேடு இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பறவையும் தன் கால் நீளத்துக்கு உட்பட்டது. கொசு உள்ளானுக்கு 2–3 செ.மீ. நீர், பவளக்காலிக்கு 20 செ.மீ. வரை, தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துகளுக்கு 10 முதல் 30 செ.மீ., பூநாரைக்குக் கூடினால் 80 செ.மீ. நிலத்தை 2 மீட்டர் ஆழம் தோண்டிச் செங்குத்தாகக் கரை கட்டினால் இவை எல்லாவற்றுக்கும் கதவு மூடப்படும்; நீர்க்காகமும் முக்குளிப்பானும் கூழைக்கடாவும் மட்டும் மிஞ்சும். பார்வைக்கு நீலமாக, அழகாக இருக்கும். ஆனால் சதுப்பு செத்திருக்கும்.

சரியான வேலை வேறு. வரத்துக் கால்வாய்களில் அடைப்பை நீக்குவது, கட்டடக் கழிவு கொட்டி மேடாக்கிய இடங்களைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது, கரை அமைத்தே ஆக வேண்டுமென்றால் ஓர் அடி உயரத்துக்குப் பத்தடி நீளம் என்ற அளவில் சரிவாக விடுவது. சரிவு மென்மையாக இருந்தால் நீர் ஒரு விரற்கடை இறங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு பட்டைச் சேறு வெளிப்படும். குளிர்காலம் முழுவதும் உள்ளான்களுக்கு அந்தப் பட்டைதான் சோறு. நடுவில் திட்டு அமைத்தால் அதில் மரம் நட்டு நிரப்பாதீர்கள். வெறும் திட்டுதான் ஆலாவும் பவளக்காலியும் நிற்கும் இடம். மரத்தில் உட்காரும் காகமும் பருந்தும் முட்டைக்கு எமன்.

ஆகாயத்தாமரையையும் சம்பங்கோரையையும் முழுவதும் அகற்றிவிடலாமா?

ஆகாயத்தாமரை அயல்நாட்டுச் செடி. சாக்கடை உரத்தில் கொழுத்து நீர்ப்பரப்பை மூடும், அடியில் உயிர்வளி குறையும். அகற்றத்தான் வேண்டும், ஆனால் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அள்ளியதைக் கரையிலேயே குவிப்பது: அடுத்த மழையில் அப்படியே திரும்பிவிடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுப்பது: கூடும் குஞ்சும் சேர்ந்து போகும். கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் எடுப்பது: சேற்றில் விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், அடுத்த பருவத்திலேயே மூடிவிடும்.

சம்பு நம் ஊர்ச் செடிதான். அதற்கு இடம் வேண்டும். அளவு மீறினால் திறந்த நீர் போய்விடும். அதை நீர் மட்டத்துக்கு மேலே வெட்டினால் பயனில்லை, வெட்டிய தண்டு வழியே கிழங்குக்குக் காற்று போய்க்கொண்டே இருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி, வெட்டுவாய் சில வாரங்கள் மூழ்கியே இருந்தால் கிழங்கு அழுகும். ஆகவே வெட்டுவதற்குச் சரியான நேரம் பருவமழைக்குச் சற்று முன்பு. பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்று வெட்ட வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும். வேர்த்தூரோடு பறிக்க வேண்டும். பறிப்பதற்கு முந்தின மாலை அதில் கொக்குகள் அடைகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கழிவுநீர் கலக்கும் இடத்தில்தான் பறவை அதிகம். அப்படியானால் மாசு பாதிக்கவில்லையா?

கழிவுநீரில் சத்து மிகுந்தால் கொசுப்புழு வகைகள் பெருகும், அதைத் தின்னப் பவளக்காலி குவியும். ஆயிரம் பவளக்காலி நிற்பது நீர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. எத்தனை பறவை என்பதைவிட எத்தனை வகை என்று கேளுங்கள். இங்கே எடுக்கப்பட்ட பழைய பட்டியல் ஒன்றில் 115 வகைப் பறவைகள், 46 வகை மீன்கள், 114 வகைத் தாவரங்கள் உண்டு. மீன் வகை குறைந்து கெண்டை போய் ஜிலேபி மட்டும் மிஞ்சினால், மீன்தின்னிகளின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் நிலம் நலிந்திருக்கிறது என்றே பொருள். பெருங்குடி குப்பைமேடு 200 ஏக்கருக்கு மேல் சதுப்பின் மேலேயே எழுந்தது. மழையில் அதன் கசிவுநீர் உள்ளே இறங்குகிறது, கோடையில் தீப்பிடிக்கிறது; 2022 ஏப்ரல் தீ நாள்கணக்கில் எரிந்தது. பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பணி நடக்கிறது. மீட்ட இடத்தை மீண்டும் நீருக்கே கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை.

சதுப்புக்கும் வேளச்சேரி வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு?

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இங்கே வந்து சேர்கிறது. 100 மி.மீ. மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 2,500 கோடி லிட்டர். ராம்சார் எல்லை முழுவதும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலும் பிடிப்பது சுமார் 1,250 கோடி லிட்டர்தான். வெளியேறும் வழி ஒக்கியம் மடு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். பழைய 5,000 எக்டேர் இருந்திருந்தால் நான்கு மடங்கு நீர் பரவி நின்றிருக்கும். 2015லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீர் தேடிப் போனது தன் பழைய இடத்தைத்தான்.

சதுப்பு நிலத்துக்கு அருகே மனை வாங்கலாமா?

2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்தி வைக்கச் சொன்னது. வாங்குமுன் சர்வே எண்ணை ராம்சார் எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டு, சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அன்றைய நிலையை எழுத்தில் பெறுங்கள். விற்பவர் காட்டும் பழைய அனுமதி நகலை மட்டும் நம்ப வேண்டாம்.

உணவு போடலாமா? ட்ரோன், பறவைக் குரல் ஒலிபரப்பு?

மூன்றுமே கூடாது. பிஸ்கட்டும் பொரியும் தேடி முதலில் வருவது காகமும் தெருநாயும்தான்.

பாம்பு உண்டா?

உண்டு, கண்ணாடி விரியன் உட்பட. நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், மூடிய காலணி அணியுங்கள், அமரும் இடத்தைப் பார்த்து அமருங்கள்.

தளர்ந்து கிடக்கும் பறவையைக் கண்டால்?

ஒன்று மட்டும் கழுத்து தொங்கிக் கிடந்தால் அடிபட்டதாக இருக்கலாம். பல பறவைகள் ஒரே இடத்தில் அப்படிக் கிடந்தால் பொட்டுலிசம் நச்சு அல்லது தொற்றாக இருக்கக்கூடும். நீர் வற்றிச் சூடேறும் மாதங்களில் அழுகிய சேற்றில் அந்த நச்சு உருவாகும். செத்த பறவையின் புழுவைத் தின்னும் பறவையும் சாகும். கையால் தொடாதீர்கள். இடம், இனம், எண்ணிக்கை குறித்துப் படமெடுத்து வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள். அடிபட்ட ஒற்றைப் பறவையானால் துணி போர்த்தி, காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கும். கொக்கு, நாரை என்றால் அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள்; அவை கண்ணைக் குறிவைத்துக் குத்தும்.

கணக்கெடுப்பில் எப்படிப் பங்கேற்பது? ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி எண்ணுவது?

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கலையொட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கின்றன. இ-பேர்ட் செயலியில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதும் கேட்டதுமான எல்லா வகையையும் எண்ணிக்கையோடு பதியுங்கள். அரிய பறவையை மட்டும் பதிந்து காகத்தையும் மடையானையும் விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் ஆய்வுக்குப் பயன்படாது.

பெருங்கூட்டமானால் முதலில் 10 பறவையை ஒவ்வொன்றாக எண்ணி அந்தக் கொத்தின் அகலத்தைக் கண்ணில் பதியுங்கள். அதே அகலத்தில் பத்துக் கொத்து நகர்த்தினால் 100. பிறகு நூறு நூறாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. கூட்டத்தின் நடு அடர்த்தியாகவும் ஓரம் நெகிழ்வாகவும் இருக்கும். நடுவில் பிடித்த அளவை ஓரத்துக்கும் பயன்படுத்தினால் எண்ணிக்கை வீங்கிவிடும். இருவர் தனித்தனியாக எண்ணி, அதன் பிறகே ஒப்பிடுங்கள்.

கோடையில் வந்தால் ஒன்றுமே இருக்காதா?

இருக்கும். ஏப்ரலுக்குப் பின் பவளக்காலியும் ஆட்காட்டியும் காய்ந்த சேற்றிலேயே முட்டையிடும், பெரும்பாலும் நான்கு. மண் நிறத்தில் கரும்புள்ளி. ஓரடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. ஆட்காட்டி தலைக்கு மேல் வந்து விடாமல் கத்தினால் முட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. நின்று, வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்புங்கள். உச்சிவெயிலில் தாய்ப்பறவை பத்து நிமிடம் விலகி நின்றாலே முட்டை வெந்துவிடும்.